பெரும்பாலும் காலி

என் மனைவியின் ஒரே தம்பியும், எங்கோ தூரத்தில் உட்கார்ந்தபடியே எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆட்டிப்படைப்பவருமான அருமை மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. தாங்களும் தங்கள் மனைவியும் குழந்தையும் நல்ல உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த விருப்பத்தில் இன்றைக்கும் எந்தக் குறையும் இல்லை. இங்கு நானும் தங்கள் அக்காவும் நலம். அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, எனக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, இரண்டுக்கும் காரணம் தாங்கள்தான் என்பதைத் தவிர வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. இதை ஏன் மெயிலில் அனுப்பாமல் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன் என்று தாங்கள் கேட்கலாம். தாளில் எழுதினால் எவ்வளவு எழுதியிருக்கிறேன் என்பது கண்ணுக்குத் தெரியும், இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதும் தெரியும். இந்த இரண்டு விஷயத்திலும் தாள் இதுவரை என்னிடம் பொய் சொன்னதில்லை.

தங்களுக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனாலும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் குற்றம் யாருடையது என்பது விளங்கும். தங்கள் அக்கா நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் வீட்டில் உள்ள அலமாரிகளை எல்லாம் வார்டு மாதிரி அடுக்கினாள், அடுத்ததாக என்னை அடுக்கத் தொடங்கினாள், அந்த நேரத்தில் நல்லவேளையாக நூலகத்தின் குரல்நூல் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். பார்வை போன ஒரு பெண், பிசியோதெரபி படிக்கிறாள், தசைகளையும் நரம்புகளையும் பற்றிய தலையணை கனத்துக்கு ஒரு பாடப்புத்தகம், அதைப் படித்துப் பதிவுசெய்து தர ஆள் இல்லை, சாதாரண ஆள் படித்தால் அந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை, மருத்துவமனையில் வேலை பார்த்தவர் என்றால் உதவியாக இருக்கும் என்றார். தங்கள் அக்கா உடனே சரி என்றாள். ஸ்டோர் ரூமிலிருந்து என் பழைய சூட்கேஸ்கள் வெளியே வந்தன. எதிரொலிக்கக் கூடாது என்று நாலு சுவரிலும் கம்பளி தொங்கியது. அவள் உள்ளே இருக்கும்போது நான் செருப்பு போட்டு நடக்கக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, தும்மல் வந்தால் மாடிப்படிக்குப் போய்த் தும்ம வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, அதனால்தான்.

நூலகத்துக்காரர்கள் கொடுத்த பதிவு செய்யும் சாப்ட்வேர் பழையது, எங்கள் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. அப்போது தாங்கள் அங்கிருந்தபடியே எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழங்காலத்துக் கம்ப்யூட்டர் இன்னொன்றை உண்டாக்கிவைத்தீர்கள். திரையில் ஒரு சன்னல் திறக்கும், அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், அக்கா அதில்தான் படிப்பாள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. "பேக்கப் ஒண்ணு எடுத்து வச்சிடலாமா?" என்று அக்கா கேட்டதற்கு, "அடுத்த வாரம் பண்ணித் தரேங்க்கா" என்று தாங்கள் சொன்னதையும் மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

போன வாரம், கடைசி அத்தியாயத்துக்கு முந்தின அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முழங்கைக்குக் கீழே உள்ள தசைகளில் இருந்தாள். திடீரென்று அந்தச் சன்னல் உறைந்துபோய், வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், இடமில்லை என்று ஓர் அறிவிப்பு வந்தது. அக்கா வெளியே வந்து, "ஏங்க, இடம் இல்லைங்குது. என்னன்னு பாருங்க, நான் நூலகத்துக்குப் போய் ரெண்டு நாள் தள்ளித் தர முடியுமான்னு கேட்டுட்டு வரேன்" என்றாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள் வரை சரக்குக் கிடங்கில் இருந்தவன் நான். இடமில்லை என்ற வார்த்தையைக் கேட்டு அஞ்சுகிற ஆளா? "நீ போய்ட்டு வா, வர்றதுக்குள்ள இடம் பண்ணி வைக்கிறேன்" என்று மார்தட்டி அனுப்பிவைத்தேன். மார்தட்டியது தப்பு என்று தாங்கள் பிற்பாடு சொன்னீர்கள். அது இருக்கட்டும்.

கோப்புகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கச் சொல்லிப் பார்த்தேன். முதல் வரியிலேயே "டெஸ்ட் 2" என்று ஒரு கோப்பு. அதன் அளவு ஆயிரம் ஜிபி. எங்கள் வட்டின் மொத்தக் கொள்ளளவே ஐந்நூறு ஜிபி! மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், ஆயிரம்தான். நான் கேட்கிறேன், ஐந்நூறு மூட்டை பிடிக்கிற கிடங்கில் ஆயிரம் மூட்டை இருப்பதாக எவனாவது எனக்கு அறிக்கை கொடுத்திருந்தால் அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், இந்தக் கம்ப்யூட்டர் என்னடாவென்றால் கூச்சமே இல்லாமல் அதைத் திரையில் போட்டுக் காட்டுகிறது. பட்டியலின் அடிமட்டத்தில் "கேம்" என்று ஒன்று, அளவு பூஜ்யம். பாவம், அது யாருக்கு என்ன கெடுதல் செய்தது என்று அதை விட்டுவிட்டேன். எவ்வளவு பெரிய அயோக்கியனை அப்பாவி என்று விட்டேன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஆனாலும் நான் பொறுப்பானவன், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்பவன் இல்லை. தங்களுக்குப் போன் போட்டேன். தாங்கள் ஏதோ மீட்டிங்கில் இருந்தீர்கள். நம் உரையாடலை நான் மறக்கவில்லை, தாங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

"தம்பி, டெஸ்ட் டூன்னு ஒண்ணு ஆயிரம் ஜிபி காட்டுதே, என்னது அது?"

"அதுவா அத்தான், அது சும்மா பெருசா காட்டும். நெஜத்துல அவ்ளோ இல்ல. பெரும்பாலும் காலிதான். அப்பறம் கூப்பிடறேன்."

வைத்துவிட்டீர்கள்! பெரும்பாலும் காலி! ஒரு மனிதன் இதைக் கேட்டால் என்ன புரிந்துகொள்வான்? டெஸ்ட் என்றால் சோதனைக்காக வைத்தது. இரண்டு என்றால் ஒன்று ஏற்கெனவே உதவாமல் போயிருக்கிறது. பெரும்பாலும் காலி என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. இப்படி எல்லாத் தகவலும் தங்கள் வாயிலிருந்தும் தங்கள் பெயர்சூட்டலிலிருந்தும் வந்தவைதானே தவிர, நானாக எதையும் கற்பனை செய்யவில்லை என்பதை இங்கே அழுத்தம் திருத்தமாகப் பதிவுசெய்கிறேன்.

அப்படியும் நான் அழிக்கவில்லை. தெருமுனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரை, எல்லாரும் டாக்டர் என்று கூப்பிடுவார்களே, அவரை வரவழைத்தேன். அவர் வெளியே செருகுகிற வட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவும் ஐந்நூறு ஜிபிதான். "சார், உங்க மைத்துனர் காலின்னுதானே சொன்னாரு? அப்ப இதுல தாராளமா அடங்கும். ஒரு நகல் எடுத்து வச்சிட்டு அப்பறம் அழிச்சிடலாம்" என்றார். நியாயமாகத்தானே பட்டது! நகல் ஓட ஆரம்பித்தது. மதியம் பூராவும் ஓடியது. டாக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். கடைசியில் பார்த்தால் அவருடைய வட்டும் நிரம்பி, இடமில்லை என்று நின்றுவிட்டது. காலியாக இருக்கிற ஒன்றை நகலெடுத்தால் அது எப்படி ஒரு வட்டையே நிரப்பும்? டாக்டருக்கும் விளங்கவில்லை. உள்ளே தட்டிப் பார்த்துவிட்டு, "சார், பூரா பூஜ்யமா இருக்கு சார், வரி வரியா பூஜ்யம்" என்றார். அதாவது இங்கே வெறும் பேச்சளவில் காலியாக இருந்தது, அங்கே போனதும் ஒவ்வொரு காலியும் தனித்தனியாக எழுந்து உட்கார்ந்து இடம் பிடித்துக்கொண்டது. இந்த அநியாயம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? டாக்டர் தம் வட்டைத் துடைத்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "இதுல ஒண்ணும் இல்ல சார். ஷிப்டை அழுத்திக்கிட்டு டெலீட் போட்டீங்கன்னா குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது, நேரா போயிடும்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டேன். ஷிப்டை அழுத்திக்கொண்டு போட்டேன். நிச்சயமாகத்தானா என்று கேட்டது, நிச்சயமாகத்தான் என்றேன். பட்டியலிலிருந்து "டெஸ்ட் 2" மறைந்தது. காலி இடம் எவ்வளவு என்று ஆவலோடு பார்த்தேன். ஓர் இம்மிகூட நகரவில்லை. ஆயிரம் ஜிபியைத் தூக்கி எறிந்திருக்கிறேன், கிடைத்த இடம் ஒன்றுமில்லை! இதுவரை "தாங்கள்" என்று எழுதிக்கொண்டு வந்தேன், இந்த இடத்துக்குப் பிறகு என்னால் அது முடியாது, நீ என்றுதான் எழுதப்போகிறேன், வருத்தப்படாதே. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சத்தமாக ஒரு கேள்வி கேட்டேன். "அப்போ அந்த ஆயிரம் எங்கடா இருந்தது?" என்று. பதில் சொல்ல வேண்டிய நீ மீட்டிங்கில் இருந்தாய்.

அந்த நேரம் பார்த்து உன் அக்கா வந்தாள். பரீட்சைத் தேதியைத் தள்ளிப்போட யாருக்கும் அதிகாரம் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் முழுப் புத்தகமும் வேண்டும் என்று குரல்நூல் அம்மாள் சொல்லிவிட்டாராம். "இடம் பண்ணிட்டீங்களா?" என்றாள். நான் "டெஸ்ட் டூன்னு வெட்டியா ஒண்ணு இருந்தது, எடுத்துட்டேன்" என்றேன். அக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"அதுலதாங்க என் அத்தியாயம் எல்லாம் இருக்கு."

"உன் அத்தியாயம் உன் பேர்ல உள்ள போல்டர்ல இல்ல இருக்கும்?"

"இல்லைங்க. அந்தச் சின்ன கம்ப்யூட்டருக்குள்ள என்னென்ன இருக்கோ எல்லாம் சேர்ந்து வெளியில அந்த ஒரே பைலாத்தான் இருக்கும்னு தம்பி சொன்னானே. முழங்கை வரைக்கும் அதுலதான் இருக்கு."

தம்பி, பெரும்பாலும் காலி என்றாயே, அந்தப் பெரும்பாலும் போக மிச்சம் இருந்த துக்கடாவில்தான் உன் அக்காவின் தொண்டைத்தண்ணீர் முழுக்க இருந்தது. இதை நீ அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கக் கூடாதா? "காலிதான், ஆனா உள்ள அக்கா இருக்கா" என்று இன்னும் ஒரே ஒரு வாக்கியம்! மீட்டிங் என்ன குடிமுழுகியா போயிருக்கும்?

உன் அக்கா என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. வெந்நீர் வைத்தாள், உப்புப் போட்டுக் கொப்பளித்தாள், ஸ்டோர் ரூமுக்குள் போய் உட்கார்ந்து புத்தகத்தை முதல் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டாள். பதிவு செய்ய வழியில்லை, அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் உறைந்து கிடக்கிறது, ஆனாலும் உதடு அசைந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முதலிலிருந்து கடைசிவரை படிக்க முடியுமா என்று வேகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்ததும், கிடங்கில் நெருப்புப் பிடித்தபோது ஓடியதைவிட வேகமாகப் போனை எடுக்க ஓடினேன். நான் உனக்கு விடாமல் போன் போட்டேன். எத்தனை தடவை என்று நீயே உன் போனில் பார்த்துக்கொள்.

நீ எடுத்ததும் நடந்ததைச் சொன்னேன். உனக்கும் குரல் மாறியது, அதையும் சொல்ல வேண்டும்.

"அத்தான், நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்தச் சன்னல் இன்னும் திறந்திருக்கா?"

"உறைஞ்சுபோய் நிக்குது."

"அக்கா அத மூடலையே? நீங்க கம்ப்யூட்டர அணைச்சு போடலையே?"

"யாரும் தொடல."

"அப்படியே இருக்கட்டும். அது திறந்திருக்கற வரைக்கும் உள்ள இருக்கறது அழியாது அத்தான். நீங்க பட்டியல்லேந்து பேரத்தான் அடிச்சிருக்கீங்க. கரண்ட் மட்டும் போயிடக் கூடாது. நான் என் வீட்டுக்கு ஓடிப்போய் அங்கேர்ந்து உங்க கம்ப்யூட்டருக்குள்ள நுழையறேன், கால் மணி நேரம் யாரையும் கிட்ட விடாதீங்க."

பேரத்தான் அடித்திருக்கிறேனாம்! நிச்சயமாகவா என்று என்னைக் கேட்டுவிட்டு அது வெறும் பெயரை அடிக்கிறது என்றால், அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நான் அப்போதே சண்டை போட்டிருப்பேன். ஆனால் அந்த அநியாயத்தால்தான் உன் அக்கா பிழைத்தாள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

இந்தக் கால் மணி நேரத்தில் என்ன நடந்தது தெரியுமா? வாசல் மணி அடித்தது. போய்த் திறந்தால் எலெக்ட்ரீஷியன். நீ பரிசு என்று அனுப்பிவைத்தாயே, வாசலில் மாட்டுகிற கேமரா, அதை மாட்டித்தரச் சொல்லி நான் எத்தனையோ தடவை நடையாய் நடந்து கூப்பிட்டும் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று டிமிக்கி கொடுத்த அதே மனிதர், அன்றைக்குப் பார்த்து, அந்த நேரம் பார்த்து, ஏணியோடு வந்து நிற்கிறார்.

"மெயின ஒரு நிமிஷம் ஆப் பண்ணிக்கிறேன் சார்" என்று சொல்லிக்கொண்டே மீட்டர் பெட்டியைத் திறந்தார்.

நான் பாய்ந்து போய்ப் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். "கைய எடுங்க!"

"என்ன சார், நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"வரச் சொன்னேன். இப்பப் போகச் சொல்றேன்."

"லைன ஆப் பண்ணாம எப்படி சார் ஒயர் இழுக்கறது? ஷாக் அடிச்சா யார் பொறுப்பு?"

"ஒயரும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். என் சம்சாரம் உள்ள இருக்கா!"

அவர் என்னையும் மீட்டர் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மின்சாரப் பெட்டிக்குள் மனைவி இருக்கிறாள் என்று சொல்கிற ஆளிடம் எதிர்வாதம் செய்ய அவருக்குத் துணிவு வரவில்லை. ஏணியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து படியிறங்கினார். பக்கத்து வீட்டுக் கதவு லேசாகத் திறந்து மூடிய சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர் என்னைக் கண்டால் மிகவும் கனிவாகப் பேசுகிறார். இதையும் உன் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

பிறகு நீ வந்தாய். வந்தாய் என்றால் அம்பு மட்டும் எங்கள் திரையில் தானாக அசைந்தது, கறுப்புத் திரையில் ஏதேதோ எழுத்து ஓடியது. உன் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். போனில் நீ, "உள்ள இருக்கு அத்தான், பத்திரமா இருக்கு. இத வெளிய எடுத்து வைக்க இருபது ஜிபி இடம் வேணும், ஆனா வட்டுல இடமே இல்லையே" என்றாய். ஆயிரம் ஜிபி என்று மிரட்டியது, நிஜத்தில் இருபதுதான்! அந்த இருபதை எடுத்துவைக்கவும் இடம் இல்லை! அப்படியானால் வட்டை நிரப்பியிருப்பது யார் என்று கேட்டேன். நீ கொஞ்ச நேரம் தட்டினாய். பிறகு நீ ஒரு மாதிரி இருமினாய். நீ சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்தே மாட்டிக்கொண்டால் அப்படித்தான் இருமுவாய் என்று உன் அக்கா என் காதில் சொன்னாள்.

"அத்தான், கேம்னு ஒண்ணு இருக்கு பாருங்க..."

"பூஜ்யம் காட்டுதே, அதுவா?"

"ம். பூஜ்யம்னு காட்டும். ஆனா அது முந்நூறுக்கு மேல புடிச்சு வச்சிருக்கு."

தம்பி, இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். அந்தக் கேமராவுக்காக நீ போட்ட சாப்ட்வேர், பின்னால் படம் பிடிக்கும்போது இடம் பற்றாமல் போய்விடக் கூடாது என்று முன்கூட்டியே வட்டில் பாதிக்கு மேல் தன் பெயருக்கு வளைத்துப் போட்டுவிட்டதாம். இன்னும் ஒரு படம்கூட எழுதவில்லையாம், ஆகவே அளவு பூஜ்யம் என்று காட்டுமாம். கேமரா எங்கே இருக்கிறது? அட்டைப்பெட்டியில், அலமாரி மேல், ஒட்டிய நாடாகூடப் பிரிக்காமல் இருக்கிறது! பெட்டியை விட்டு வெளியே வராத கேமரா, பார்க்காத வாசலில் வராத திருடனைப் படம் பிடிப்பதற்காக இடத்தை வளைத்துக்கொண்டு, அளவைக் கேட்டால் பூஜ்யம் என்று கையை விரிக்கிறது. உன் அக்கா ராப்பகலாகப் படித்ததற்கு இடம் இல்லை! நான் கிடங்கில் எத்தனையோ ஏமாற்றுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லாததை இருப்பதாகச் சொல்பவன் உண்டு, இருப்பதை இல்லை என்பவன் உண்டு. இருவரையும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, இருவர் சொல்வதையும் அப்படியே பட்டியலில் போட்ட நிர்வாகத்தை உன் கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறேன்.

நீ "கேம்" கோப்பை அழித்தாய். முந்நூறும் விடுபட்டது. மீட்டெடுத்ததைப் புதுப் பெயரில் எழுதினாய், சன்னலை மூடி மறுபடி திறந்தாய். ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உன் அக்காவின் குரல், "முன்கையின் மேற்பரப்பில் உள்ள தசைகள்" என்று நிதானமாகச் சொல்லிற்று. உன் அக்கா தன் குரலைக் கேட்டுக்கொண்டே தன் முன்கையைத் தடவிக்கொண்டாள். "இந்த இடத்துல கொஞ்சம் வேகமாப் படிச்சிட்டேன்" என்றாள். நான் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

முகம் கழுவி முடித்ததும் எனக்குக் கோபம் முழுசாகத் திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் பாதியில் நின்ற அத்தியாயத்தை முடித்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தை அக்கா படித்துக்கொண்டிருக்க, நான் கூடத்தில் உட்கார்ந்து உன்னிடம் போனில் கேட்ட கேள்விகளுக்கு நீ சொன்ன பதில் எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை. அளவு என்றால் கோப்பின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரையுள்ள தூரமாம், நடுவில் எழுதாமல் விட்ட பள்ளங்களும் அதில் சேர்த்தியாம். வட்டில் பிடித்திருக்கும் இடம் என்பது வேறு கணக்காம், அதைத் தனியாகக் கேட்டால் தனியாகச் சொல்லுமாம். இரண்டுமே உண்மைதானாம், கேட்கிற கேள்வியைப் பொறுத்ததாம். தம்பி, இடமில்லை என்று கத்துகிறவனிடம் எந்தக் கணக்கைக் காட்ட வேண்டும் என்கிற இங்கிதம் வேண்டாமா? தனியாகக் கேட்கலாம் என்பது தெரிந்தவன் ஏன் அத்தானுக்குப் போன் போடவைக்கிறான்? "அத்தான், இது ரொம்ப வருஷமா இப்படித்தான் இருக்கு" என்று நீ சொன்னதை ஒரு சமாதானமாக நான் ஏற்கவில்லை. ரொம்ப வருஷமாகத் தப்பாக இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

ஆகவே நான் தீர்மானமாக முடிவு செய்துவிட்டேன். நீ அடுத்த முறை வரும்போது இந்தக் கம்ப்யூட்டரையும், அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டரையும், அட்டைப்பெட்டியோடு கேமராவையும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். பதிலுக்கு வேறு எதுவும் அனுப்பாதே. அனுப்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். இனிமேல் இந்த வீட்டில் குரலும் கிடையாது, நூலும் கிடையாது. ஸ்டோர் ரூமில் என் சூட்கேஸ்கள் பழையபடி குடியேறும், நான் செருப்புப் போட்டு நடப்பேன், நினைத்த இடத்தில் தும்முவேன்.

என் கோபம் உன்னோடு மட்டும்தான். உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் அன்பும் ஆசியும் எந்தக் குறைப்பும் இல்லாமல் முழு அளவில் போய்ச் சேரட்டும். உனக்கும் ஆசி உண்டு, பெரியவன் என்ற முறையில் அதை நிறுத்திவைக்க எனக்கு உரிமை இல்லை. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் சமயத்தில் அந்தப் பிசியோதெரபிப் பெண் போன் செய்தாள். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். எந்த அத்தியாயம் சுலபமாக இருந்தது என்று உன் அக்கா கேட்டதற்கு, கடைசி அத்தியாயம்தான் என்றாளாம். அம்மா நரம்புகளின் பெயரைச் சொல்லச் சொல்ல, பின்னால் ஓர் ஐயா "இருந்தா இருக்குன்னு சொல்லணும், இல்லேன்னா இல்லைன்னு சொல்லணும்!" என்றும், "பூஜ்யம்னு சொல்லிட்டு முந்நூறு முழுங்குவானா?" என்றும் இடிமுழக்கம் செய்கிறாராம், எந்தக் கூச்சல் எந்த நரம்புக்குப் பக்கத்தில் வந்தது என்று நினைத்தாலே பதில் தானாக வந்துவிடுகிறதாம். விடுதியில் பெண்கள் எல்லாரும் அதைப் போட்டுப் போட்டுக் கேட்கிறார்களாம். குரல்நூல் அம்மாள் அந்தச் சத்தத்தை நீக்கித் தரட்டுமா என்று கேட்டதற்குக் கூடவே கூடாது என்று இந்தப் பெண் சொல்லிவிட்டாளாம். அதை அடுத்து அந்த அம்மாளே போன் செய்து என்னிடம் பேசினார். சட்டம் படிக்கிற ஒரு பையனுக்கு வாடகைத் தகராறு பற்றிய நாலு பாகப் புத்தகம் ஒன்று படித்துத் தர வேண்டுமாம், அதற்கு இந்த மாதிரிக் குரல்தான் பொருத்தமாம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், சரி என்று வந்துவிட்டது.

ஆகையால் மேலே கண்டவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். எதையும் எடுத்துப் போகாதே. எனக்கென்று தனியாக ஒரு மைக் உடனே அனுப்பு, உன் அக்கா அவளுடையதைத் தர மாட்டேன் என்கிறாள். இன்னொன்று, வட்டில் பாதியை இப்போதே என் பெயருக்கு ஒதுக்கி வைத்துவிடு. நான் இன்னும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நான் உணர்ச்சியோடு படிக்கும்போது நடுவில் இடமில்லை என்று சொல்லிவிடக் கூடாது, பார். உன் அக்கா கேட்டால் பூஜ்யம் என்று காட்டட்டும்.